கோவைப் பள்ளங்களில் மீண்டும் நொச்சியும் நீர்மருதும்: ஞாயிற்றுக்கிழமை தன்னார்வலர்கள் என்னதான் செய்கிறார்கள்?

மார்கழி கடைசி நாளில் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டு நிலையில் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்த ஒரு சின்னக் கட்டு. ஒரு தலைமுறைக்கு முன்பு பெரும்பாலான வீடுகளில் இதற்குக் காசு செலவானதில்லை. வீட்டில் இருக்கும் சின்னப் பையனை அனுப்பினால், ஊர்ப் பள்ளத்தோரம் போய் ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டு வந்துவிடுவான். இன்று அதே கட்டை ரோட்டோரக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறோம்.

பூளைப்பூ உலகத்தை விட்டே போய்விடவில்லை. அது முளைத்துக் கிடந்த பள்ளத்துக் கரைதான் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது சீமைக் கருவேலம் நிற்கிறது, இல்லாவிட்டால் கட்டடக் கழிவு கிடக்கிறது, இல்லாவிட்டால் கான்கிரீட் சுவர்.

அந்தக் கரைகளைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியுமா என்று கோவையில் ஒரு கூட்டம் பல வருடங்களாக முயன்றுகொண்டிருக்கிறது. வாரம் ஒருநாள், ஞாயிறு காலை, மண்வெட்டியும் கடப்பாரையுமாக.

பள்ளம் என்றால் குழி இல்லை

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் இதைச் சொல்லியாக வேண்டும். கொங்குப் பக்கம் ‘பள்ளம்’ என்றால் ஓடை. மழை பெய்தால் தண்ணீர் போகும், மற்ற நாளில் காய்ந்து கிடக்கும் சிற்றோடை. நகரின் வடமேற்கிலிருந்து ஊருக்குள் புகுந்து சிங்காநல்லூர் பக்கம் போகும் சங்கனூர் பள்ளம் அப்படி ஒன்று. குருடி மலைப் பக்கம் தொடங்கி வஞ்சிபாளையம் அருகே நொய்யலில் சேரும் கௌசிகா நதியும் ஏறத்தாழ இதே குணம்தான். பெயர் நதி என்றாலும் வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான்.

இவை எல்லாம் கடைசியில் போய்ச் சேருவது நொய்யலில். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கும் ஆறு. நீளம் சுமார் 180 கி.மீ. வெள்ளம் வரும் சில வாரங்களில் கிடைக்கும் தண்ணீரைப் பிடித்து வைக்க, பழங்காலத்திலேயே ஆற்றின் குறுக்கே அணைக்கட்டுகள் கட்டி, ராஜவாய்க்கால் வெட்டி, ஒரு குளம் நிறைந்தால் அடுத்த குளத்துக்குப் போகிற மாதிரி சங்கிலி போட்டு வைத்தார்கள். பேரூர், கிருஷ்ணம்பதி, செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர், வெள்ளலூர், சூலூர் என்று அந்தச் சங்கிலி நீள்கிறது.

நகரத்தின் ஊர்ப்பெயர்களைப் பார்த்தாலே இந்தத் தண்ணீரோரத்தில் என்ன வளர்ந்தது என்று தெரிந்துவிடும். மருதமலை, ஆலாந்துறை, ஆவாரம்பாளையம், கள்ளிமடை, புலியகுளம் (பழைய ஆட்கள் புளியகுளம் என்பார்கள்). பீளமேடு என்று நாம் சொல்வது பூளைமேடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். ஐ.டி. பார்க்குகளும் காலேஜ்களும் நிற்கும் பீளமேட்டில், அந்தப் பெயரைக் கொடுத்த செடியைக் கண்டுபிடிக்க இன்று நன்றாகத் தேட வேண்டும்.

2017: வறட்சியில் தொடங்கிய வேலை

2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாடு அதுவரை அதிகம் பார்த்திராத வறட்சி. கோவையின் குளங்கள் வறண்டு, தரை வெடித்துக் கிடந்தன. அந்தச் சூழலில் 2017ல் உருவானதுதான் ‘கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு’. ஒருங்கிணைப்பாளர் ஆர்.மணிகண்டன். முதலில் கை வைத்தது பேரூர் பெரியகுளத்தில். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் கூடி, முள்ளையும் பிளாஸ்டிக்கையும் அகற்றுவது. அவ்வளவுதான் திட்டம்.

நீர்நிலை வேலையில் கோவைக்கு இது முதல் அனுபவம் இல்லை. 2003லேயே ‘சிறுதுளி’ அமைப்பு வனிதா மோகன் தலைமையில் குளங்களைத் தூர்வாருவது, மழைநீர் சேகரிப்பு என்று இறங்கியிருந்தது. ‘ஓசை’ போன்ற சூழல் அமைப்புகளும் அதற்கு முன்பிருந்தே பேசிவந்தன. குளங்கள் பாதுகாப்பு அமைப்பில் புதிதாக இருந்தது அந்த வாராந்திரப் பழக்கம். பெரிய நன்கொடை, பெரிய மெஷின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஞாயிறு வந்தால் வேலை நடக்கும். காலேஜ் மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், ஒர்க்‌ஷாப் தொழிலாளர்கள், குடும்பத்தோடு வருபவர்கள் என யார் வந்தாலும் ஆளுக்கொரு மண்வெட்டி.

பேரூருக்கு அடுத்து வெள்ளலூர். அந்தக் குளத்துக்குப் பல ஆண்டுகளாகத் தண்ணீரே வரவில்லை. பக்கத்தில்தான் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு. நொய்யலில் வெள்ளம் போனாலும் குளத்துக்கு வராததற்குக் காரணம் குளத்தில் இல்லை, அதற்கு வரும் ராஜவாய்க்காலில் இருந்தது. குப்பையும் புதரும் மண்ணும் அடைத்து, வாய்க்கால் இருக்கும் தடமே தெரியாமல் கிடந்தது. தன்னார்வலர்கள் அதைத் திறந்துவிட்ட பிறகு, மழை வந்தபோது குளத்துக்குத் தண்ணீர் வந்தது.

வழக்கமான செய்தி இங்கே முடிந்துவிடும். குளம் நிறைந்தது, மக்கள் மகிழ்ச்சி, போட்டோ. ஆனால் கடினமான கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. சுத்தம் செய்த கரையை அப்படியே விட்டால் என்ன ஆகும்?

வெறும் மண் சும்மா இருக்காது

இரண்டு மழை போதும். வெட்டிய சீமைக் கருவேலம் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும், அதுவும் ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலாக. தரைமட்டத்தில் வெட்டினால் அது கவாத்து செய்த மாதிரிதான். வேர் கழுத்துக்குக் கீழே தோண்டி எடுக்க வேண்டும். எடுத்தாலும், ஆடு மாடு தின்ற காய்களின் விதைகள் சாணத்தோடு சேர்ந்து ஊர் முழுக்க விதைக்கப்பட்டுக் கிடக்கும். மத்திய, தென் அமெரிக்கப் பகுதியிலிருந்து 19-ம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம் இது. விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று ஒரு காலத்தில் விரும்பி வளர்த்தார்கள். 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவு போடும் அளவுக்குப் போனது.

கரையில் இது என்றால், ஈரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு. இளஞ்சிவப்பாக அழகான பூ. ஒடித்துப் போட்ட துண்டு ஈர மண்ணில் பட்டால் அங்கேயே வேர் பிடிக்கும். அதனால் இதை வெட்டி வாய்க்காலோரம் குவித்துவிட்டுப் போவது, நாமே நாற்று நட்டுவிட்டுப் போவதற்குச் சமம். தண்ணீர் மேல் ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவின் அமேசான் பகுதிச் செடி, சாக்கடைச் சத்து கிடைத்தால் ஒன்றிரண்டு வாரத்திலேயே இரட்டிப்பாகும். வெறும் தரையில் பார்த்தீனியம். பூப்பதற்கு முன்பே கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும். வெறும் கையால் பிடுங்கினால் சிலருக்குத் தோல் அரிப்பு, மூச்சுத் தொந்தரவு வரும். மலையடிவார ஓடைகளில் உண்ணிச்செடி.

ஆக, அகற்றுவது பாதி வேலைகூட இல்லை. காலியான இடத்தை யார் முதலில் பிடிப்பது என்பதில்தான் போட்டியே. தமிழ்நாடு அரசு 2022ல் கொண்டுவந்த அயல் ஊடுருவல் தாவரங்கள் பற்றிய கொள்கையின் பெயரிலேயே சூழல் மீட்டெடுப்பு என்ற சொல்லும் சேர்ந்திருப்பது இதனால்தான். எடுத்தால் மட்டும் போதாது, அந்த இடத்துக்கு உரியதைத் திரும்ப வைக்கவும் வேண்டும்.

சரி, எந்தச் செடியை எங்கே நடுவது?

‘மரம் நடுவிழா’ என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது வேம்பு, புங்கன், அதற்கு மேல் பூக்கிற மாதிரி ஏதாவது. ஆனால் பள்ளத்தின் கரை ஒரே மாதிரி நிலம் இல்லை. அடியில் வருடத்தில் சில நாள் முழங்கால் அளவுக்கு மேல் வெள்ளம், மீதி நாள் வறட்சி. சரிவில் மண் அரிப்பு. மேலே வெறும் காய்ந்த மேடு. மூன்றுக்கும் மூன்று விதமான செடிகள் வேண்டும்.

அடியில், தண்ணீர் ஓடும் தடத்தை ஒட்டிக் கோரை, நாணல், வெட்டிவேர் மாதிரி புல் வகைகள். வெள்ளம் வந்தால் வளைந்து கொடுத்து, போனதும் நிமிரும். இங்கே மரம் வைத்தால் அது வெள்ளத்தை மறிக்கும், குப்பையைப் பிடித்து வைக்கும். சரிவுக்கு நொச்சி. போத்து வெட்டி ஊன்றினாலே வரும், ஆடு சீக்கிரம் வாய் வைக்காது, வேர் மண்ணை இறுக்கிப் பிடிக்கும். காய்ச்சல் வந்தால் ஆவி பிடிக்கவும் ஆகும், அது போனஸ். அதே சரிவில் புங்கன், நீர்மருது. ‘மருதம்’ என்று ஒரு திணைக்கே பெயர் இருக்கும் நம் ஊரில் மருத மரத்தை அடையாளம் காட்டச் சொன்னால் பலரும் முழிப்பார்கள் என்பது வேறு விஷயம். வெளிறிய, வழவழப்பான பட்டையோடு ஆற்றோரத்தில் ஓங்கி நிற்கும் மரம் அது. மேட்டில் நாவல், இலுப்பை, அத்தி. இன்னும் காய்ந்த இடமென்றால் வெள்வேல், ஆவாரை.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நாவல், இலுப்பை விதைகளைச் சேமித்து வைத்துப் பிறகு விதைக்க முடியாது. பழம் விழுந்த சில வாரங்களுக்குள் மண்ணுக்குப் போக வேண்டும், காய்ந்தால் உயிர் போய்விடும். அதனால் ஆனி, ஆடியில் உள்ளூர்த் தாய்மரத்தடியில் விதை பொறுக்கி உடனே நாற்றங்கால் போட ஆள் இருந்தால்தான் அடுத்த வருடம் கன்று கிடைக்கும். தனியார் நர்சரியில் போய்க் கேட்டால் எளிதாகக் கிடைப்பது மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொகரும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சியும்தான். ‘நாட்டு மரம்தானே அண்ணா?’ என்று கேட்டால் ‘ஆமா, எல்லாம் நாட்டு மரம்தான்’ என்றே பதில் வரும்!

உள்ளூர் என்பதற்கும் கோடு கிழிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. ஊர் முழுக்க நிற்கும் புளிய மரமே ஆப்பிரிக்காவில் தோன்றியது. பேரூர்க் கோயிலின் பெருமையான ‘பிறவாப்புளி’யை யாரும் அயல் தாவரம் என்று சொல்லப் போவதில்லை, சொன்னாலும் ஊரில் இருக்க முடியாது. வந்து குடியேறிய செடி வேறு, வந்து மற்றவர்களை விரட்டும் செடி வேறு. தன்னார்வலர்களின் மண்வெட்டி இரண்டாவது ரகத்தின் மேல்தான் விழுகிறது.

அடர்வனம் வைத்தால் போதுமா?

வெள்ளலூர்க் குளக்கரையில் குளங்கள் பாதுகாப்பு அமைப்பு மியாவாக்கி முறையில் நாட்டு மரங்களின் அடர்வனத்தை வளர்த்தது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த முறை இது. அந்தந்த இடத்தின் சொந்த மரங்களை ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு என்று நெருக்கமாக நட்டால், வெளிச்சத்துக்காகப் போட்டி போட்டு வேகமாக உயரும். முதல் இரண்டு, மூன்று வருடம் தண்ணீரும் களையெடுப்பும் தேவை. நகரத்துக்கு நடுவே, துண்டு நிலத்தில், சீக்கிரம் கண்ணில் தெரியும் பலன் வேண்டும் என்றால் இது உதவுகிறது. தன்னார்வலர்களின் உற்சாகத்தைத் தக்கவைக்க அந்தப் பலன் முக்கியம் என்பதையும் மறுக்க முடியாது.

அதே நேரம், இதைக் கொங்கு நாடு முழுக்க ஒரே ஃபார்முலாவாகப் பரப்புவதில் சிக்கல் இருக்கிறது. கோவை நகரம் மழை மறைவுப் பகுதி. ஆண்டு மழை சுமார் 600 முதல் 700 மி.மீ. கிழக்கே போகப் போக இன்னும் வறட்சி. இங்கே எல்லா நிலமும் ஒரு காலத்தில் அடர்ந்த காடாக இருந்தது என்று நினைப்பது தவறு. காங்கேயம், தாராபுரம் பக்கம் இருக்கும் கொரங்காட்டை நினைத்துப் பாருங்கள். கீழே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடு வளர்ந்த மேய்ச்சல் நிலம் அது. வெட்டவெளி மாதிரி தெரிந்தாலும் அதுதான் அந்த மண்ணின் இயல்பான பசுமை. அப்படிப்பட்ட இடத்து ஓடையில் போய் நெருக்கமாக மரத்தை நட்டு, டேங்கர் தண்ணீர் ஊற்றுவது மீட்டெடுப்பு ஆகாது. புல்லுக்கும் புதருக்கும் யாரும் விழா எடுப்பதில்லை, அதனால் அவை திட்ட அறிக்கையில் கடைசி வரிக்குப் போய்விடுகின்றன.

பட்டாம்பூச்சி சொல்லும் மார்க்

நட்ட செடி சரியான செடிதானா என்பதைச் சோதிக்க ஒரு எளிய வழி, அதைத் தேடி யார் வருகிறார்கள் என்று பார்ப்பது. வெள்ளலூர்க் கரையில் பட்டாம்பூச்சிகளுக்கென்றே ஒரு பூங்கா உருவானது. பூவில் தேன் குடிக்க எந்தப் பட்டாம்பூச்சியும் எந்தத் தோட்டத்துக்கும் வரும். முட்டை வைக்க மட்டும் குறிப்பிட்ட செடி வேண்டும். வெந்தய வரியனுக்கு எருக்கு. எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, வில்வம். சிவப்புடல் அழகிக்கு ஆடுதின்னாப்பாளைக் குடும்பக் கொடிகள். நாம் ‘வெறும் புதர்’ என்று வெட்டித் தள்ளும் பல செடிகள் யாரோ ஒருவரின் பிரசவ வார்டு.

மழைக்காலத்தை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் சமவெளிக்கும் இடையே கூட்டம் கூட்டமாகப் பறந்து போகும் நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் வகைகளைக் கோவைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். பைக் ஹெல்மெட் கண்ணாடியில் வந்து மோதும் அளவுக்கு வரும். அவற்றின் ஆண் பூச்சிகள் இறங்கித் தேடுவது கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற சாதாரணச் செடிகளை. இணை சேர்வதற்குத் தேவையான வேதிப்பொருளை அவை அந்தச் செடிகளிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. இந்த இரண்டும் எந்த மரம் நடுவிழா அழைப்பிதழிலும் இடம்பெற்றதில்லை.

சிட்னியில் இரண்டு சகோதரிகள்

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு நல்ல பதில் கிடைத்தது. 1960களில் சிட்னியின் மாஸ்மன் பகுதியில் ஜோன் பிராட்லி, எய்லீன் பிராட்லி என்ற சகோதரிகள் தினமும் நடைபயிற்சி போகும் காட்டில் களையெடுக்க ஆரம்பித்தார்கள். கூட்டமாகப் போய்ப் புதர் மண்டிய இடத்தை மொத்தமாக வெட்டிச் சாய்க்கும் முறை தோற்றுக்கொண்டே இருப்பதை அவர்கள் கவனித்தார்கள். அதனால் தலைகீழாகச் செய்தார்கள். நாட்டுச் செடிகள் இன்னும் நன்றாக இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி, களை அதிகமுள்ள இடத்தை நோக்கி மெதுவாக நகர்வது. மண்ணை முடிந்தவரை கிளறாமல் விடுவது. விட்ட இடத்தை நாட்டுச் செடி பிடித்த பிறகே அடுத்த அடி எடுத்து வைப்பது.

பொக்லைன் வைத்து ஒரே நாளில் மூன்று கி.மீ. பள்ளத்தை ‘சுத்தம்’ செய்யும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு இது நேர் எதிர். பொக்லைன் சீமைக் கருவேலத்தை மட்டும் பார்த்து எடுப்பதில்லை. அதன் நிழலில் பிழைத்துக் கிடந்த நாலு நொச்சியும் ஒரு நுணாவும் சேர்ந்துதான் போகும்.

சென்னையில் அரசே எடுத்துச் செய்த ஒரு உதாரணம் இருக்கிறது. அடையாறு கழிமுகத்தில் கட்டடக் கழிவு கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் நிலத்தை, ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவின் உதவியோடு உள்ளூர்த் தாவரங்களால் மீட்டு, 2011ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். பணம், வல்லுநர், வேலி, காவல் எல்லாம் இருந்தது. கோவையின் பள்ளங்களுக்கு இதில் முதல் மூன்றும் கிடைப்பது அரிது, நான்காவது சுத்தமாகக் கிடையாது.

தண்ணீரே சாக்கடை என்றால்?

இந்த வேலையின் பலவீனமான இடம் இது. மேலே வீடுகளின் கழிவுநீர் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருக்கும்வரை, கீழே ஆகாயத்தாமரையை எத்தனை ஞாயிறு எடுத்தாலும் அது வரும். கோரையும் நாணலும் அழுக்கை ஓரளவு வடிகட்டும். நகரத்தின் மொத்தச் சாக்கடையையும் அவற்றின் தலையில் கட்ட முடியாது. ஆலைக் கழிவு என்றால் கதையே வேறு. திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி ஒரத்துப்பாளையம் அணை என்ன பாடுபட்டது என்பது கொங்கு விவசாயிகளுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் அதில் மாற்றம் தொடங்கியது. அங்கே மண்வெட்டியால் ஆகக்கூடியது எதுவும் இருந்திருக்காது.

அடுத்தது கான்கிரீட். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகள் நடைபாதையும் விளக்குமாக மாறின. சாயங்காலம் குடும்பத்தோடு போக ஒரு இடம் கிடைத்ததில் மக்களுக்கு மகிழ்ச்சிதான். கரையின் புதரும் சேறும் போனால் பறவைகள் எங்கே போகும் என்று சூழல் ஆர்வலர்கள் கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, ஆனால் ஒரு தடவை சுவர் எழுப்பிய கரையில் நொச்சி ஊன்ற முடியாது. அதே நகரத்தில்தான் 2017ல் சிங்காநல்லூர்க் குளத்தை மாநகராட்சி நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. திருப்பூரில் நஞ்சராயன் குளம் 2022ல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்ட்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. அதற்குப் பின்னால் உள்ளூர் இயற்கை ஆர்வலர்கள் பல வருடம் உட்கார்ந்து பறவைகளை எண்ணி எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. எண்ணி எழுதுவதும் தன்னார்வப் பணிதான், சேற்றில் இறங்க முடியாதவர்களும் செய்யலாம்.

போக நினைப்பவர்களுக்கு

முதல் நாளே மரம் நட்டுவிடலாம் என்று போனால் ஏமாற்றமாக இருக்கும். பெரும்பாலான ஞாயிறுகளில் வேலை என்பது களையெடுப்பு, பாத்தி கட்டுவது, தண்ணீர் ஊற்றுவது. முழுக்கைச் சட்டை, ஷூ, கையுறை, தொப்பி அவசியம். முள் குத்தும், பாம்பு இருக்கும், புதருக்குள் கையை விடாமல் முதலில் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்று கிளம்பும் முன் யோசியுங்கள்.

உங்கள் ஏரியாப் பள்ளத்தில் நீங்களே ஆரம்பிப்பதாக இருந்தால், முதலில் அது யாருடைய நிலம் என்று பாருங்கள். நீர்நிலைகள் மாநகராட்சி, ஊராட்சி அல்லது நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும். அனுமதி இல்லாமல் வெட்டவும் கூடாது, நடவும் கூடாது. அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு வருடம் அந்தக் கரையில் என்னென்ன தானாக முளைக்கிறது, எது பூக்கிறது, வெள்ளம் எதுவரை ஏறுகிறது என்று போனில் படம் எடுத்துத் தேதியோடு குறித்து வையுங்கள். எதை நட வேண்டும் என்பதைவிட எதை வெட்டக் கூடாது என்பது அதில் தெரிந்துவிடும்.

நடவுக்கு ஏற்ற நேரம் ஐப்பசி மழை. சோதனை அதற்குப் பிறகு வரும் சித்திரை, வைகாசி. கன்றுக்கு மூன்று கோடையாவது ஆள் வேண்டும். அதனால் குழுக்களுக்கு அதிகம் ஆள் தேவைப்படுவது ஜூன் மாதச் சுற்றுச்சூழல் தினத்தில் இல்லை. பரீட்சையும் லீவும் சேர்ந்து ஊரே காலியாகும் ஏப்ரல், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், ஆளுக்கு இரண்டு குடம் தண்ணீர் சுமக்க.